ஜாமீன் கையெழுத்து: நீதிமொழிகள் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறது?

பிறர் கடனுக்குப் பிணை (ஜாமீன்) நிற்பதைப் பற்றி, வேதாகமத்தில் சாலொமோன் ராஜாவின் பெயரில் உள்ள நீதிமொழிகள் புத்தகம் ஆறு இடங்களில் எச்சரிக்கிறது. 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள், பிறகு 11:15, 17:18, 20:16, 22:26-27, கடைசியாக 27:13. இந்தக் கடைசி வசனம் கிட்டத்தட்ட 20:16-ஐயே திரும்பச் சொல்கிறது. கணவன் மனைவி, பிள்ளை வளர்ப்பு, சோம்பல், நாவடக்கம் என்று வீட்டு வாழ்க்கையின் பெரிய விஷயங்களைப் பேசும் ஒரு புத்தகம், பணம் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு காரியத்துக்கு இத்தனை முறை திரும்பி வருகிறது. அதைச் சொல்லும் தொனியும் நிதானமான அறிவுரைத் தொனியாக இல்லை. தூங்காதே, கண்ணிமை மூடாதே, ஓடு என்கிறது.

இதை வாசிக்கும் பல விசுவாசிகளுக்கு உள்ளூர ஓர் உறுத்தல் உண்டு. சபையில் கூடவே உட்கார்ந்து ஆராதிக்கும் ஒருவர், "பிரதர், பேருக்கு ஒரு கையெழுத்துதான், மாசாமாசம் நான் கரெக்டா கட்டிடுவேன்" என்று கேட்டு வருகிறார். மாட்டேன் என்று சொன்னால் அன்பில்லாதவன் ஆகிவிடுவோமா? "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு" என்று மத்தேயு 5:42-இல் இயேசுவே சொல்லியிருக்கிறாரே? ஒருபக்கம் மலைப்பிரசங்கம், மறுபக்கம் சாலொமோனின் எச்சரிக்கை என்று வேதத்துக்குள்ளேயே ஒரு மோதல் இருப்பதுபோலத் தோன்றும். என் வாசிப்பில் அந்த மோதல் இல்லை. கொடுப்பதும் ஜாமீன் நிற்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அடிப்படையில் வேறு வேறு செயல்கள். நீதிமொழிகள் அந்த வேறுபாட்டை மிகத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது.

அதற்கு 3-ஆம் அதிகாரத்தையும் 22-ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 3:28 சொல்வது: "உன்னிடத்தில் பொருள் இருக்கையில்" உன் அயலானிடம் போய்விட்டு நாளைக்கு வா என்று சொல்லாதே. 22:27 சொல்வது: "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால்" நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்வானே. முதல் வசனத்தில் கையில் பொருள் இருக்கிறது, கொடு என்கிறது. இரண்டாவதில் கையில் பொருள் இல்லை, வாக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. ஜாமீன் கையெழுத்தின் சாரமே இதுதான். இன்று கையிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை. அதனால் மனம் லேசாக இருக்கிறது, உதவி செய்த திருப்தியும் கிடைக்கிறது. ஆனால் எதைக் கொடுத்தோம்? இன்னும் சம்பாதிக்காத பணத்தை, இன்னும் வராத ஒரு நாளில் தருவதாக ஒப்புக்கொண்டோம். "நாளையத்தினத்தைக்குறித்துப் பெருமைபாராட்டாதே" என்று தொடங்கும் 27-ஆம் அதிகாரத்திலேயே ஆறாவது எச்சரிக்கை இடம்பெற்றிருப்பதை நான் தற்செயல் என்று கடந்துபோக விரும்பவில்லை.

ஐந்து ஆயிரம் ரூபாயை ஒருவருக்கு இனாமாகக் கொடுக்க நாம் எவ்வளவு யோசிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அதே ஆளின் ஐந்து லட்ச ரூபாய்க் கடனுக்கு ஜாமீன் போட அதில் பாதி நேரம்கூட யோசிப்பதில்லை.

6-ஆம் அதிகாரத்தின் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். "என் மகனே, நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால்" என்று அது தொடங்குகிறது. மூன்று பேர் இருக்கிறார்கள். கடன் வாங்கும் நண்பன், கடன் கொடுக்கும் அந்நியன், நடுவில் நீ. பழைய இஸ்ரவேலில் கையடித்தாலே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வாய் வார்த்தைதான் பத்திரம். ஆகவேதான் இரண்டாம் வசனம் "உன் வாய்மொழிகளால் சிக்குண்டாய்" என்கிறது. வியப்பானது மூன்றாம் வசனம். கடன் கொடுத்தவன் கையில் நீ அகப்பட்டாய் என்று சொல்லியிருந்தால் எதிர்பார்த்ததுதான். ஆனால் அது "உன் சிநேகிதனுடைய கையில் நீ அகப்பட்டுக்கொண்டபடியால்" என்கிறது.

ஆழ்ந்த கவனிப்பு இது. ஜாமீன் நின்ற நாள் முதல் உன் வீட்டு நிம்மதி உன் நண்பனின் நடத்தையில் தொங்குகிறது. அவன் வேலையில் நிலைப்பானா, அவன் கடையில் வியாபாரம் நடக்குமா, அவன் உடம்பு நன்றாக இருக்குமா, தவணைப் பணத்தை வேறெதற்காவது திருப்பிவிடுவானா என்பதெல்லாம் இனி உன் கவலை. இவற்றில் ஒன்றுகூட உன் கட்டுப்பாட்டில் இல்லை. அவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே அந்தப் பகுதியில் எழவில்லை. நல்லவனுக்கும் நோய் வரும், நல்லவன் கடையிலும் தீப்பிடிக்கும். "அவரை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்" என்கிற நியாயம் நீதிமொழிகளின் முன் செல்லாமல் போவது இதனால்தான்.

இந்த எச்சரிக்கைகளின் கடுமை புரிய அந்தக் காலத்தில் கடன் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். இஸ்ரவேலருக்குள் ஒருவருக்கொருவர் வட்டி வாங்கக் கூடாது என்று யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36-37, உபாகமம் 23:19 மூன்றும் சொல்கின்றன. அந்நியனிடத்தில் வாங்கலாம் என்று உபாகமம் 23:20 விட்டுவைக்கிறது. சுற்றியிருந்த உலகமோ வேறு மாதிரி. கி.மு. 18-ஆம் நூற்றாண்டின் பாபிலோன் அரசன் அமுராபியின் சட்டம் வெள்ளிக்கு 20 சதவீதம், தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டியை அனுமதித்தது. கடன் கட்ட முடியாதவன் தன் மனைவியையோ பிள்ளையையோ வேலைக்கு விட்டால் மூன்று வருடம் உழைத்த பிறகு நான்காம் வருடம் விடுவிக்க வேண்டும் என்று அதே சட்டம் வரம்பு போட்டது. வரம்பு போட வேண்டியிருந்தது என்றால் நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இஸ்ரவேலிலும் நிலைமை ரொம்ப மாறுபட்டதாக இல்லை. 2 இராஜாக்கள் 4-இல் தீர்க்கதரிசி எலிசாவிடம் அழுதுகொண்டு வரும் விதவையின் கணவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன். அவன் செத்துப்போனான், கடன் சாகவில்லை. கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் நெகேமியா எருசலேமுக்கு வந்தபோது ஜனங்கள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டு, குமாரர் குமாரத்திகளை அடிமைப்படுத்த வேண்டியதாயிற்று என்று கூக்குரலிட்டார்கள் (நெகே. 5). கடனில் விழுவது என்றால் குடும்பத்தோடு சுதந்திரத்தை இழப்பது. ஜாமீன்காரன் தான் வாங்காத கடனுக்காக அந்தக் குழியின் விளிம்பில் போய் நிற்கிறான்.

மோசேயின் நியாயப்பிரமாணம் கடனாளிக்குச் சில பாதுகாப்புகளைத் தந்தது. திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது ஜீவனையே அடகு வாங்குவது போல (உபா. 24:6). அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் (24:10-11). ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரவில் அவனுக்குப் போர்வை அதுதான் (யாத். 22:26-27). ஆடையைப் பறிப்பது அந்த மண்ணில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு ஒரு தொல்லியல் சான்றும் இருக்கிறது. 1960-இல் இஸ்ரேலின் கடற்கரையில், யாவ்னே-யாம் அருகே மெசாத் ஹஷாவ்யாகு என்ற சிறு கோட்டையில், கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மட்பாண்டத் துண்டு ஒன்று கிடைத்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு எழுதிய மனு அது. தான் வேலையை முடித்த பிறகும் தன் ஆடையை எடுத்துக்கொண்டார்கள், கூட அறுத்தவர்கள் சாட்சி, திருப்பித் தரச் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறான். அவன் வழக்கு கடனைப் பற்றியது அல்ல. ஆனாலும் ஒரு ஆடைக்காக மனு எழுத வேண்டிய வறுமையும், அந்த ஆடை எவ்வளவு சுலபமாகப் பறிபோனது என்பதும் அதில் தெரிகின்றன.

இந்தப் பின்னணியில் நீதிமொழிகள் 20:16-ஐ வாசித்தால் திடுக்கிடும். அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவனுடைய வஸ்திரத்தை எடுத்துக்கொள் என்று அது கடன் கொடுப்பவனிடம் சொல்கிறது! ஏழைக் கடனாளியின் ஆடையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் வேதம், முன்பின் தெரியாதவனுக்கு ஜாமீன் நின்றவனின் ஆடையைப் பிடித்துவை என்கிறதே? இதைச் சட்டமாகப் படிக்கக் கூடாது, ஞானி அதிர்ச்சி வைத்தியமாகப் பேசுகிறார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். வறுமையால் கடன்பட்டவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லும் வார்த்தைகள் வேதம் முழுக்க உண்டு. தானாகப் போய்க் கையடித்தவனுக்கு யார் இரங்குவார்கள், அவன் மேலாடை இப்போதே போனதாக வைத்துக்கொள் என்கிறார்.

இந்த ஞானம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியது அல்ல. நீதிமொழிகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முந்திய சுமேரிய நூலான சுருப்பாக்கின் அறிவுரைகளிலும் ஒருவனுக்காகப் பிணை நிற்காதே, அவன் உன்மேல் பிடி வைத்துக்கொள்வான் என்ற கருத்து உண்டு. கிரேக்கத்தில் தெல்பி ஆலயத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று புகழ்பெற்ற மூதுரைகளில் ஒன்று, பிணை கொடு, கேடு அருகில் என்பது.

கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் உள்ள, புராட்டஸ்டன்டினர் தள்ளுபடி ஆகமம் என்று தனியே வைக்கும் சீராக் நூல் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தமானது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் வாழ்ந்த அந்த ஆசிரியர் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். 29-ஆம் அதிகாரத்தில், நல்ல மனிதன் தன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்று ஒப்புக்கொள்கிறார். உனக்காகப் பிணை நின்றவனின் உதவியை மறக்காதே, உனக்காகத் தன் உயிரையே கொடுத்தான் என்று கடன் வாங்கியவனைப் பார்த்தும் பேசுகிறார். நீதிமொழிகளில் இல்லாத பக்கம் இது. அடுத்த மூச்சில், பிணை நின்று செழிப்பாக வாழ்ந்த பலர் அழிந்தார்கள், கடலலைபோல் அலைக்கழிக்கப்பட்டு வேற்று நாடுகளில் திரிந்தார்கள் என்று தான் கண்டதைச் சொல்கிறார். அவருடைய முடிவு 8:13-இல் ஏற்கெனவே இருக்கிறது: உன் சக்திக்கு மீறிப் பிணை நிற்காதே, நின்றால் நீதான் கட்டப்போகிறாய் என்று எண்ணிக்கொள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஆதியாகமத்துக்குப் போனால் ஒரு பழைய கதை புதிதாகத் தெரியும். பஞ்சத்தில் தானியம் வாங்கப் போகும் அண்ணன்களோடு கடைசி மகன் பென்யமீனை எகிப்துக்கு அனுப்ப யாக்கோபு தயங்குகிறார். முதலில் மூத்த மகன் ரூபன் முன்வருகிறான். நான் அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்கிறான் (42:37). யாக்கோபு மறுத்துவிடுகிறார். பிறகு இன்னொரு மகன் யூதா பேசுகிறான். "அவனுக்காக நான் உத்தரவாதம்பண்ணுவேன், அவனை என்னிடத்திலே கேளும்" (43:9). யாக்கோபு இணங்குகிறார். பஞ்சம் முற்றியதும் இணங்கியதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் இரண்டு வாக்குகளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று இருக்கிறது. ரூபன் பிள்ளைகளை ஈடு வைத்தான், யூதா தன்னை ஈடு வைத்தான். 44-ஆம் அதிகாரத்தில் பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டு வாக்கைக் காப்பாற்றும் நேரம் வந்தபோது, இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்னால் வந்து நின்றான்.

நம் குடும்பங்களில் போடப்படும் ஜாமீன்களில் பெரும்பாலானவை ரூபனின் வகை என்பதே என் கவலை. கையெழுத்துப் போடுவது அப்பா. சம்பளம் பிடித்தம் ஆனால் ஃபீஸ் கட்ட முடியாமல் போவது மகளுக்கு. வீட்டுப் பத்திரம் போனால் தெருவுக்கு வருவது அம்மாவும்தான். எத்தனையோ வீடுகளில் வக்கீல் நோட்டீஸ் வரும்வரை மனைவிக்கு விஷயமே தெரியாது.

புதிய ஏற்பாட்டில் பவுல் இன்னொரு மாதிரி. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காக அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் உமக்குக் கடன்பட்டது ஏதாவது உண்டானால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்கிறார். தொடர்ந்து, "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று தன் கைப்பட எழுதித் தருகிறார். அவன் கட்டிவிடுவான், நான் பேருக்குத்தான் என்ற தொனி அதில் எங்கும் இல்லை. தொடக்கத்திலிருந்தே தானே கட்டப்போவதாக நினைத்து எழுதுகிறார். எபிரெயர் 7:22 இயேசுவைப் பிணையாளி என்று அழைப்பதும் இதே பொருளில்தான். முழுக் கடனையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு கட்டித் தீர்த்தவர் அவர். "இயேசுவே நமக்குப் பிணை நின்றாரே, நீ எனக்கு நிற்கக் கூடாதா" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

இன்றைய சட்டம் இந்தப் பழைய வசனங்களிலிருந்து எவ்வளவு தூரம்? ரொம்ப தூரம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் கடன் வாங்கியவர் எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கும் ஜாமீன்தாரரும் பொறுப்பு. அசல், வட்டி எல்லாம் சேர்த்துத்தான். "முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அவர் சொத்தை ஏலம் விடுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. 1968-இல் பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கடனாளியிடம் எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால் ஜாமீன் வாங்கியதன் நோக்கமே கெட்டுவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வங்கி எளிதில் வசூலாகும் இடத்தைத் தேடும். ஓடிப்போன கடனாளியைவிட, மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கும் ஜாமீன்தாரர் எளிது.

தமிழ்நாட்டில் இந்தச் சுமை அதிகம் விழுவது ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் மேல். ஏலச்சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் தர வேண்டும் என்றால் சீட்டுக் கம்பெனி கேட்பது சம்பளச் சான்றிதழோடு ஓர் அரசு ஊழியரை. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக்கொள்வது வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் எனக்குப் போட்டார், நான் அவருக்குப் போடாமல் இருக்க முடியுமா என்ற சங்கிலி. மகளிர் குழுக் கடன்களில் ஜாமீன் என்ற பெயரே சொல்லப்படுவதில்லை. ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு வேறென்ன?

நீதிமொழிகள் பயமுறுத்திய இரண்டு பொருள்களும், ஆடையும் படுக்கையும், நம் சட்டத்தில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு, தீர்ப்பின்படி கடன் செலுத்த வேண்டியவரிடமிருந்து ஜப்தி செய்யக் கூடாதவற்றின் பட்டியலைத் தருகிறது. அவருக்கும் மனைவி மக்களுக்கும் தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கைகள், மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகைகள் ஆகியவை அந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கின்றன. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. அதாவது மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தொடலாம். படுக்கை தப்பியது, அது விரித்திருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு பொதுப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே ஒருவர் கேட்டு வரும்போது சீராக்கின் கேள்வியையே நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்த முழுத் தொகையையும் நானே கட்ட வேண்டி வந்தால் என் வீட்டைக் கலைக்காமல் கட்ட முடியுமா? கட்டின பிறகும் இவரோடு சமாதானமாக இருப்பேனா? இரண்டுக்கும் ஆம் என்றால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்தே நிற்கலாம், அது யூதாவின் வழி. இல்லையென்றால், கையில் இருக்கும் பொருளில் முடிந்ததைக் கொடுப்பதே உண்மையான உதவி. ஐந்து லட்சத்துக்கு ஜாமீன் போட முடியாத நான் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, இதைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொன்னால், "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான்" (19:17) என்ற வசனத்தின் பக்கம் நிற்கிறேன். அந்தப் பணம் போனாலும் நட்பு போகாது. எங்கள் சபைகளில் போதகர்கள் இந்த வேறுபாட்டைப் பிரசங்க மேடையிலிருந்தே சொன்னால், முகம் கோணாமல் மறுக்கும் தைரியம் பலருக்கு வரும் என்று நம்புகிறேன்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு 6:3-5 இன்னும் செல்லும். போ, உன்னைத் தாழ்த்து, வருந்திக் கேள், தூங்காதே. நண்பரிடம் போய், வேறொருவரையோ சொத்தையோ ஈடாகக் காட்டி என்னை விடுவிக்கச் சொல் என்று கேட்பதில் வெட்கமில்லை. வங்கி சம்மதிக்காமல் அது நடக்காது, ஆனாலும் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டும் வியாபாரக் கணக்குக்குத் தொடர் ஜாமீன் போட்டிருந்தால், இனி எடுக்கும் பணத்துக்கு நான் பொறுப்பல்ல என்று கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுக்க ஒப்பந்தச் சட்டம் 130-வது பிரிவு பொதுவாக இடம் தருகிறது. அச்சடித்த படிவத்தில் இந்த உரிமைகளில் எவற்றை நாமே விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். தவணை ஒழுங்காகப் போகிறதா என்று மாதாமாதம் நண்பரிடம் ரசீது கேட்கலாம், அவர் முகம் சுளித்தாலும். கடைசியில் நாமே கட்ட நேர்ந்தால், கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை 145-வது பிரிவும், வங்கியிடம் அவர் ஈடாக வைத்திருந்ததன் மேல் வங்கிக்கு இருந்த உரிமையை 140, 141-வது பிரிவுகளும் ஜாமீன்தாரருக்குத் தருகின்றன. அதற்கு வங்கி முத்திரையோடு ஒவ்வொரு ரசீதும் நம் பெயரில் இருக்க வேண்டும்.